தை பிறக்கட்டும்

டிசம்பர் 10, 2023 – ஞாயிறு

வீட்டுக்குள் படிந்திருந்த சேறு இன்றுதான் முழுக்கப் போனது. ப்ளீச்சிங் பவுடர் நெடி மட்டும் மிச்சம். மிக்ஜாம் புயல் 3, 4 தேதிகளில் கொட்டிய மழை சென்னையின் பல இடங்களில் நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. வேளச்சேரியில் தெருவுக்குள் படகு வந்தது. தரைத்தளத்தில் இருந்த எங்கள் வீட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மெத்தை, வாஷிங் மெஷின், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த துணிகள் எல்லாம் போயின. ஆவணியில் கல்யாணமாகித் தொடங்கிய குடித்தனம். என் முகூர்த்தப் பட்டை இவர் இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருட்டில் மாடிப்படி ஏறியதை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். மாடி வீட்டு அக்கா, கரண்ட் திரும்பும்வரை எங்களுக்கும் சேர்த்தே உலை வைத்தார்.

எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பினால் அந்த நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் பக்கம் கடலில் கலக்க வேண்டும். அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் அதன் பெரும்பகுதி குப்பைமேடாகவும் சாலையாகவும் கட்டடமாகவும் ஆகிவிட்டிருந்தது. வழி அடைபட்ட தண்ணீர்தான் எங்கள் கூடத்துக்கு வந்தது.

வீடு மாறுவது என்று தீர்மானித்துவிட்டோம். ஆனால் 17ஆம் தேதி மார்கழி பிறக்கிறது. "தை பிறக்கட்டும்மா, நல்ல வீடா காட்டறேன்" என்றார் தரகர். மார்கழியில் வீடு மாறக் கூடாது என்ற வழக்கம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. யோசிக்க ஒரு மாதம் கிடைக்கிறது.

டிசம்பர் 19 – செவ்வாய்

இரண்டு நாளாக அம்மா போனை எடுக்கவில்லை. இப்போது வெள்ளம் தெற்கே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று செய்தி சொல்கிறது. சென்னைக்கு வர வேண்டிய செந்தூர் எக்ஸ்பிரஸ், எங்கள் ஊர்ப்பக்கம் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. தேர்வு அறையில் கண்காணிப்புக்கு நிற்கும்போதும் மனசு தாமிரபரணிக் கரையில்தான் இருந்தது.

சாயங்காலம் யாருடைய போனிலிருந்தோ அம்மா பேசினாள். "ஏட்டி, அழாத. எதுத்த மச்சு வீட்டுல இருக்கோம். அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. நெல்லு மூட்டைதான் நனைஞ்சு போச்சு." அவ்வளவுதான் கேட்டது, லைன் அறுந்துவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அரையாண்டு விடுமுறைக்குத் திருச்செந்தூர் போவதாக இருந்தோம். தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை. இவருடைய ஊருக்குப் போவோம், காட்டுமன்னார்கோயிலுக்கு.

டிசம்பர் 24 – ஞாயிறு

தாம்பரத்தில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். செங்கல்பட்டு தாண்டும்வரை பனி விலகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கும் முதல் விடுமுறை இது. இவர் கிண்டிப் பட்டறையில் லீவு வாங்கப் பட்ட பாடு தனி. சிதம்பரத்தில் மாமா காத்திருந்தார். அத்தை வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது அம்மா அப்பாவைப் பற்றித்தான்.

டிசம்பர் 25 – திங்கள்

காலையில் மாமாவோடு வயலுக்குப் போனோம். சம்பா கதிர் பிடிக்கிற நேரம். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்துவிட்டு அக்டோபர் 10ஆம் தேதியே மூடிவிட்டார்கள். வழக்கமாக ஜனவரி 28 வரை தண்ணீர் வரும். கர்நாடகத்திலிருந்து வர வேண்டியது வரவில்லை. இந்த வருஷம் டெல்டா முழுக்க வானத்தைப் பார்த்தே பயிர் செய்கிறது. நாங்கள் மழையில் தத்தளித்த அதே வாரத்தில் மாமா, இன்னொரு மழை பெய்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டு இந்த வரப்பில் நின்றிருக்கிறார். சொல்லும்போது அவர் குரலில் எங்களுக்காக ஒரு தயக்கம் இருந்தது. "ஒங்களுக்குக் கஷ்டம்தான்… ஆனா இங்க பயிரு நிக்கிதே."

புது வீடு பார்க்கப் போகிறோம் என்று இவர் சொன்னார். வாடகை எவ்வளவு, எத்தனை ரூம் என்று எல்லோரும் கேட்பார்கள். மாமா அதையெல்லாம் கேட்கவில்லை. "அந்த மனையில மழைத்தண்ணி எந்தப் பக்கமா வடியும்? கேட்டியா?" என்றார். பிறகு தன் வயலையே காட்டி விளக்கினார்: இது பாய்கிற வாய்க்கால், இது வடிகிற வாய்க்கால், மேல் வயல்காரர் மடையைத் திறந்தால் நாம் எதைத் திறக்க வேண்டும், கன மழையில் எந்த வரப்பை வெட்டிவிட வேண்டும். ஒவ்வொரு காணிக்கும் நீர் வரும் வழியும் போகும் வழியும் அவருக்கு மனப்பாடம். பல லட்சம் கொடுத்து ஃபிளாட் வாங்குகிற ஊரில் இந்தக் கேள்விக்குப் பத்திரத்தில் ஒரு வரி இல்லை என்பது எனக்கு அந்த இடத்தில் உறைத்தது.

டிசம்பர் 26 – செவ்வாய்

வீராணம் ஏரி. பராந்தக சோழன் காலத்தில் அவர் மகன் ராஜாதித்தர் வெட்டுவித்தது. கரை ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நீளம். 'பொன்னியின் செல்வன்' நாவல் தொடங்குவதே இந்தக் கரையில்தான் என்பதால் சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒரு படமாவது எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு பிரிந்து வந்து இந்த ஏரியை நிரப்புகிறது. மதகுகள் வழியே 44,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. 2004 முதல் இதன் நீர் சேத்தியாத்தோப்பிலிருந்து குழாயில் ஏறி, 235 கிலோமீட்டர் பயணப்பட்டு, நாளொன்றுக்குச் சுமார் 18 கோடி லிட்டர் வரைக்கும் சென்னைக்குப் போகிறது.

"நீங்க அங்க குடிக்கிறது எங்க தண்ணிதான்" என்றார் மாமா. அதில் பெருமையும் இருந்தது, கவலையும் இருந்தது. கோடையில் மட்டம் குறையும்போது சென்னைக்கா வயலுக்கா என்ற பேச்சு இந்த ஊர்களில் வரத்தான் செய்யும். நான் இரண்டு பக்கத்துக்கும் உறவுக்காரியாகிவிட்டேன்.

டிசம்பர் 27 – புதன்

ஆருத்ரா தரிசனம். நேற்றுத் தேரில் வந்த நடராஜரும் சிவகாமியும் இரவு ஆயிரங்கால் மண்டபத்தில் தங்கினார்கள். மற்றக் கோயில்களில் உற்சவர் வெளியே வருவார். தில்லையில் மூலவரே வீதிக்கு வருகிறார். விடியற்காலை அபிஷேகத்துக்கு எவ்வளவு கூட்டம்! பனியில் நனைந்த கல்தரையில் காலை ஊன்ற முடியவில்லை. பாலும் தேனும் சந்தனமும் திருநீறும் மாறி மாறி அந்தத் தூக்கிய திருவடி வழியே வழிந்ததைப் பார்த்தபோது பக்கத்திலிருந்த ஒரு பாட்டி தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. எங்கள் ஊருக்காக வேண்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையின் திருவாதிரைக் களியும் ஏழுகறிக் கூட்டும். வெல்லப் பாகில் வெந்த களியை அத்தை முதலில் என் தட்டில்தான் வைத்தார்.

டிசம்பர் 28 – வியாழன்

காலையில் டீக்கடையில் எல்லோரும் டிவியைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். விஜயகாந்த் காலமாகிவிட்டார். 2006இல் அவர் முதன்முதலாக ஜெயித்தது பக்கத்து விருத்தாசலத்தில். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அவர் வெறும் நடிகர் இல்லை. கடைக்காரர் காசு வாங்கவில்லை.

பிறகு கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் கோயிலின் விமானத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி போதாது. மதிய வெயிலில் அந்தக் கல் பொன்னிறமாக ஆனதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். என் மனசு போனது வேறிடத்துக்கு. கங்கை வரை சென்ற வெற்றிக்கு நினைவாக அவன் நீராலேயே ஒரு வெற்றித்தூண் நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அதுதான் சோழகங்கம், இன்று பொன்னேரி என்கிறார்கள். விமானத்தின் நிழலில் நிற்கிற கூட்டத்தில் பாதியாவது அந்த ஏரிக்கரைக்கும் போய் நிற்க வேண்டும். கரை உடைந்து, தூர்ந்து, பழைய பரப்பு இன்று இல்லை. கோயிலைப் பராமரிக்கிறோம், ஏரியை ஏன் விட்டோம்?

டிசம்பர் 30 – சனி

தரங்கம்பாடி. நாங்கள் இருவர் மட்டும். 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. பாண்டியர் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டைச் சுவரோரம் உட்கார்ந்து புது வீட்டைப் பற்றி நெடுநேரம் பேசினோம். எனக்குச் சமையலறையில் ஜன்னல் வேண்டும். இவருக்குச் சைக்கிள் நிறுத்த இடம். இருவருக்கும் ஒரே பதிலாக வந்தது: மேட்டு நிலம்.

ஜனவரி 6, 2024 – சனி

தை பிறக்கும் முன்பே தரகர் ஒரு வீடு காட்டிவிட்டார்: பரங்கிமலை அடிவாரத்தில் இரண்டாம் மாடி வீடு. சமையலறையில் கிழக்கு ஜன்னல். மாமாவின் கேள்வியைக் கேட்டேன். தரகர் விழித்தார். காவலாளிதான் பதில் சொன்னார்: "பெருமழைலயும் கேட்டுக்கு வெளிய ஓடிடும்மா, உள்ள நின்னதில்ல." சரிவு எந்தப் பக்கம் என்று கையால் காட்டவும் செய்தார். அவர் காட்டிய வழியே தெருமுனை வடிகால்வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

சாவி வாங்குவதற்கு முன் மலைமேல் ஏறினோம். ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் கட்டித்தந்த படிகள். மேலே மாதா கோயிலுக்கு அருகில் வில்லியம் லாம்ப்டனின் மார்பளவுச் சிலை. இந்தியாவையே அளந்த பெரும் முக்கோண நில அளவை இங்கேதான் பிறந்தது. 1802 ஏப்ரலில், இந்த மலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார் லாம்ப்டன். அடிக்கோடு அளக்கச் சமதளம் வேண்டும். அதனால்தான் இந்தப் பக்கம் தோதாக இருந்தது. மேலிருந்து பார்த்தால் கிழக்கே வேளச்சேரி, தென்கிழக்கே சதுப்பு நிலம், எல்லாம் அதே தட்டையான பூமி. மழைநீர் அங்கே தேங்காமல் வேறெங்கே போகும்! 'அடுத்த வாரம் எட்டாம் வகுப்பை இங்கே கூட்டி வரணும்' என்று சொன்னேன். "வீடு பாக்க வந்தியா, பாடம் எடுக்க வந்தியா?" என்று இவர் சிரித்தார். இரண்டுக்கும்தான்.

முன்பெல்லாம் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. புது வீட்டுக்காரர் மூன்றோடு நிறுத்திக்கொண்டார், ஒப்பந்தத்தையும் பதிவு செய்யலாம் என்றார். பழைய வீட்டில் அட்வான்ஸிலிருந்து பெயின்ட் அடிக்கவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளம் அழித்த சுவருக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு? இவர் அமைதியாக, ஆனால் விடாமல், நின்று பேசிப் பாதியைத் திரும்ப வாங்கினார்.

ஜனவரி 15 – திங்கள்

தலைப்பொங்கல். அப்பா வந்துவிட்டார்! நனைந்த நெல்லைக் காய வைத்து, தேறியதை அரைத்து, அந்தப் பச்சரிசியோடும் வெண்கலப் பானையோடும் கரும்பு, மஞ்சள்குலையோடும் ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறார். "சீர் எதுக்குப்பா இந்த நேரத்துல" என்றதற்கு, "வெள்ளம் வந்தா மகளுக்குப் பொங்கப்படி கிடையாதா" என்றார். வேளச்சேரி வீட்டு வாசலில் பொங்கல் வைத்தோம். மாடி வீட்டு அக்காவுக்கு முதல் கிண்ணம்.

ஜனவரி 25 – வியாழன்

தைப்பூசம். நாளை குடியரசு நாள், அடுத்து சனி, ஞாயிறு. வீடு மாற இதைவிடத் தோதான நாட்கள் கிடைக்காது. விடிவதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சினோம், அப்பா கொண்டுவந்த பானையில். பொங்கி வழிந்ததும், இதற்காகவே ஊரிலிருந்து வந்திருந்த அத்தை குலவையிட்டார்.

சாமானெல்லாம் ஒரே குட்டி யானையில் அடங்கிவிட்டது. வேளச்சேரியையும் பரங்கிமலையையும் இணைக்க வேண்டிய பறக்கும் ரயில் பாதை, ஆதம்பாக்கத்தில் பல வருஷம் முடியாமல் கிடந்தது. அதன் தூண்களுக்குப் பக்கத்திலேயே எங்கள் வண்டி வந்தது. மாடி வீட்டு அக்கா பிரிய மனசில்லாமல் வண்டியோடு இங்கேயே வந்து, அலமாரி அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 28 – ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். வாடகைக்கு இருப்பவர்களும் வரலாம் என்றார்கள், இருவரும் போனோம். லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் என்று பேச்சு ஓடியது. கடைசியில் நான் எழுந்து மழைநீர் சேகரிப்புத் தொட்டியைப் பற்றிக் கேட்டேன். 2003இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. இங்கேயும் தொட்டி இருக்கிறது, மூடியைத் திறந்து பார்த்தால் மணலும் சருகும் அடைத்துக் கிடக்கிறது. கூரைத் தண்ணீர் முழுக்கத் தெருவுக்குப் போனால் அது பள்ளத்தில் இருக்கிற யாரோ ஒருவர் வீட்டுக்குத்தான் போய்ச் சேரும் என்றேன். செயலாளர் பெரியவர், "செலவை எப்படிம்மா பிரிக்கிறது?" என்றார். ஃபிளாட்டுக்கு இவ்வளவு என்று இவர் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினார். தூர் எடுக்க ஆள் பார்க்கும் பொறுப்பு எங்கள் தலையில் வந்திருக்கிறது. பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்குகிறது. மாமாவும் அன்றைக்கு வருகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறார்.