விதையும் பசளையும்

விதையே முதல் என்பாரும் பசளையே முதல் என்பாரும் நம்முள் உளர். சோளப் பயிரோ இவ்விரண்டையும் பிரித்து நோக்க விடுவதில்லை. கலப்பின விதை மிகுவிளைவு தரவல்லது. எனினும் போதிய நைதரசன் கிட்டாவிடின், அடியிலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சளித்துக் கதிரும் சிறுத்துவிடும். 'பத்ரா' போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கையினம் அத்துணை விளையாது. ஆயினும் அதன் விதையை மறுபோகத்துக்கு எடுத்து வைக்கலாம். கலப்பினத்துக்கோ போகந்தோறும் புதுவிதை வாங்குதல் வேண்டும்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைப்பட்டபோது, விலையுயர்ந்த விதையை நம்பிய அனுராதபுர, மொனராகலைக் கமக்காரர் யூரியாவின்றித் தவித்ததை நாம் அறிவோம். அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிற்று. பயிர் அதுவரை காத்திருக்குமா? ஆதலின், இனத்தைத் தெரியுமுன் பசளை உறுதியோவென வினவுதலே அறிவுடைமை என்பது நம் கருத்து. கமத்தொழில் புகும் நம் கல்லூரி இளைஞர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.