ஒரே வண்டிக்குள் இரண்டு கரண்ட்

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் டிராவல் டிரெய்லர்களை ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதிலும் ஒஹையோ மாநிலம் ஜாக்சன் சென்டரில் செய்யும் ஏர்ஸ்ட்ரீம், அலுமினியத் தோலோடு பளபளவென்று பெரிய மாத்திரை மாதிரி இருக்கும். 1960, 70களின் பழைய வண்டிகளை வாங்கிப் புதுப்பிப்பது அங்கே ஒரு தனிப் பைத்தியம். வாங்கியதும் பெயிண்ட், திரைச்சீலை, சோபா என்று இறங்கிவிடுவார்கள். ஒயரிங்? சுவருக்குள்தானே இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம்... உண்மையில் முதல் வேலையே அதுதான்.

இந்த வண்டிக்குள் இரண்டு விதக் கரண்ட் ஓடுகிறது. பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் டிசி. விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் இதில். முகாம் மைதானத்துக் கம்பத்தில் சொருகினால் வருவது 120 வோல்ட் ஏசி. ஏர்கண்டிஷனரும் பிளக் பாயிண்டுகளும் அதில். நடுவே கன்வெர்ட்டர், 120ஐ 12 ஆக்கி பேட்டரியையும் சார்ஜ் செய்யும். பழைய ஏர்ஸ்ட்ரீமில் இதன் பெயர் யூனிவோல்ட். பேட்டரி நிறைந்தது தெரியாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும், போதும் என்றாலும் விடாத பாட்டி மாதிரி. பேட்டரியில் தண்ணீர் வற்றிப்போகும்.

பேட்டரியை மினிமம் பேலன்ஸ் வைக்க வேண்டிய அக்கவுண்டாக நினைத்துக்கொள்ளுங்கள் (பி.காம் மக்களுக்குச் சொல்ல வேண்டுமா!). 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். பழைய குண்டு பல்பு ஒன்று சுமார் 2 ஆம்பியர் குடிக்கும். ஐந்து பல்பு, ஐந்து மணி நேரம்... 50 காலி.

சரி, இது பணம் போகும் சமாச்சாரம். உயிர் போகிற சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. சுவருக்குள் ஏதோ ஒரு 120 வோல்ட் ஒயர் உரசித் தேய்ந்து அலுமினியத் தோலைத் தொடுகிறது என்று வையுங்கள். எர்த் சரியாக இருந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். எர்த் கால் உடைந்த எக்ஸ்டென்ஷனில் சொருகியிருந்தால்? ஒன்றுமே நடக்காது. டயர் ரப்பர், வண்டி முழுக்கக் கரண்டோடு சும்மா நிற்கும். உள்ளே இருப்பவருக்கும் தெரியாது. ஈரப் புல்லில் செருப்பில்லாமல் ஓடிவந்து கதவைத் தொடுகிற குழந்தைதான் அதற்கு எர்த். நம்மூர் 230இல் பாதிதானே என்று நினைக்காதீர்கள், ஆளைக் கொல்ல 120 தாராளம்.

வீட்டு பேனலில் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் இன்னொரு தப்பும் செய்வார்கள்: டிரெய்லர் பேனலிலும் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடுவது. அப்புறம் வெளியே நியூட்ரல் அறுந்தால், எல்லா ஒயரும் நன்றாக இருந்தாலும் தோலில் கரண்ட் வரும். வண்டிக்குள் இரண்டும் தனித்தனியாகவே இருக்க வேண்டும்.

கலர் குழப்பம் வேறு. அந்த ஊர் வீட்டு ஒயரிங்கில் கறுப்பு என்றால் கரண்ட், காரிலோ கறுப்பு நெகட்டிவ். டிரெய்லர் வீடும் பாதி, காரும் பாதி!

வீட்டில் நிறுத்த 30 ஆம்பியர் பாயிண்ட் போடச் சொன்னால், சில எலக்ட்ரீஷியன்கள் துணி உலர்த்தும் மெஷினுக்கானது என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவார்கள். சொருகிய நொடியில் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ் எல்லாம் புகை. ஆகவே முதலில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 240 காட்டினால் பிளக்கைக் கீழே வைத்துவிட்டு அவருக்கே போன் போடுங்கள்.