மண்ணில் பதியும் முத்திரை

ஐப்பசி பிறந்ததும் வரும் இப்பருவத்தைக் குறிக்கப் பள்ளிப் புத்தகங்களில் ‘இலையுதிர்காலம்’ என்றொரு சொல் வழங்கக் காண்கிறோம். குளிர்நாடுகளுக்கு அது பொருந்தும். நம் கடற்கரைக்குப் பொருந்தாது. இங்கே வேம்பு இலை உதிர்ப்பது மாசியில். ஐப்பசியும் கார்த்திகையும் தமிழர் வகுத்த கூதிர்ப் பருவம். அஃது உதிரும் காலமன்று, துளிர்க்கும் காலம்.

அரபுமொழியில் இப்பருவத்திற்குக் ‘கரீஃப்’ என்று பெயர். கனி பறித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. அப்பருவத்தின் முதல் மழைக்கு அரபியர் இட்ட பெயர் இன்னும் அழகானது: ‘வஸ்மீ’. ‘வஸ்ம்’ என்பது ஒட்டகத்திற்கு இடும் சூட்டுக்குறி. வறண்ட நிலத்தின்மேல் பசுமையால் தன் முத்திரையைப் பதிப்பதால் அம்மழை அப்பெயர் பெற்றது. பாலையில் பிறந்த இச்சொல்லை மாணவர்க்கு விளக்க அகராதியைப் புரட்ட வேண்டுவதில்லை. அசருத் தொழுகைக்குப் பின் காயல்பட்டினத்தில் எங்கள் மஹல்லாவை ஒருமுறை சுற்றி வந்தாலே போதும்.

மேல்காற்று ஓய்ந்து வாடை திரும்பியிருக்கும். காரை பெயர்ந்த பழஞ்சுவரின் வெடிப்பில் ஆலங்கன்று ஒன்று இரண்டு இலை விட்டு நிற்கும். வேலியில் கோவைக்கொடி ஏறியிருக்கும். அதன் அடியில் தும்பை வெள்ளையாய்ப் பூத்திருக்கும். செம்பட்டுத் துணுக்குப் போன்ற தம்பலப்பூச்சியைச் சிறுவர்கள் உள்ளங்கையில் ஊர விட்டு மகிழ்வார்கள். தட்டான்கள் தாழப் பறக்கும். பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்கிடையே நம் முன்னோர் விட்டுவைத்த முடுக்குகளில், மண் மூடப்படாத இடங்களில், கூரைநீர் விழுந்து வரிசையாகச் சிறு குழிகள் பறித்திருக்கும். பெய்த நீர் அங்கேயே மணலில் சுவறிவிடும். மறுநாள் நடப்பவர் காலில் சேறு ஒட்டாது.

நான்கு தெரு தள்ளிச் சென்றால் காட்சி மாறுகிறது. அங்கே சுவரோடு சுவராகச் சிமெண்டுக் கல் பதித்திருக்கிறார்கள். அதே மழை அங்கே கணுக்கால் அளவு தேங்கி நிற்கிறது. சென்ற ஐப்பசியில் ஒருவர் தம் வாசலில் எஞ்சியிருந்த ஒரு முழ மண்ணையும் கலவை கொட்டி மூடிக்கொண்டிருந்தார்.

“ஏன் காக்கா, அந்த மண்ணாவது இருக்கட்டுமே” என்றேன்.

“மண் இருந்தால் புல் முளைத்துவிடுகிறது ஆலிம்சா. பிள்ளைகளும் சேற்றுக் காலோடு உள்ளே வருகிறார்கள்” என்றார்.

அவர் தொல்லை என்று கருதிய அந்தப் புல்லைத்தான் அரபியர் முத்திரை என்று போற்றினர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மூர் மறந்திருக்காது. 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை இங்கே பதிவாயிற்று. நம் மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையையும் அது விஞ்சியது. அத்தகைய பெருமழையை எந்த வாசல் மண்ணும் உறிஞ்சித் தீர்த்திராது என்பது மெய்யே. ஆயினும் ஒரு மணிநேர மழைக்கே தெருவில் நீர் நிற்குமானால், அப்பழியை வானத்தின்மேல் சுமத்த இயலாது.

கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு வேண்டுமென்று தமிழக அரசு 2003ஆம் ஆண்டில் சட்டம் செய்தது. நடந்து பார்த்தால் பல வீடுகளில் குழாய் தெரிகிறது; அது இறங்க வேண்டிய குழியோ தூர்ந்து கிடக்கிறது. சில குழாய்களின் வாய் தெருவை நோக்கியே திருப்பப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டின் கூரைநீர் அடுத்த வீட்டின் துன்பமாகிறது. நீர் வடிந்தோடும் வழியை ‘மஸீல்’ எனப் பெயரிட்டு, அதனை ஓர் உரிமையாகவே ஃபிக்ஹு நூலாசிரியர்கள் ஆராய்ந்தனர். அண்டை வீட்டார் உறவு இந்நீர்வழியிலும் அடங்கியிருக்கிறது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

கார்த்திகை மழை வலுக்குமுன் அன்பர்கள் தத்தம் தெருவை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். தூர்ந்த குழியை அள்ளிச் செப்பனிட ஒரு நாள் உழைப்புப் போதும். வாசலில் ஒரு முழ மண்ணைத் திறந்து வைக்கச் செலவே இல்லை. அதில் புல் முளைத்தால் முளைக்கட்டும். பிள்ளைகளின் காலைக் கழுவ ஒரு குவளை நீர் போதுமே.