ரசத்தில் ஒரு சிட்டிகை கோதுமை

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய் சீலியாக். சீலியாக் என்றால் வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, வளராத குழந்தை என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரியவர்களுக்கு வயிறு வாயே திறக்காமல் இருக்கலாம். முட்டி, இடுப்பு, விரல் மூட்டு என்று எலும்பு டாக்டரிடம் அலைவார்கள். கூடவே மாத்திரை போட்டும் தீராத ரத்தசோகை இருக்கும். அந்த இரண்டையும் யாராவது சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும். பெரும்பாலும் பார்ப்பதில்லை. வலிநிவாரணி எழுதித் தருகிறார்கள். அது இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிந்தால் சோகைக்குப் புதிதாக ஒரு காரணம் கிடைத்துவிடும்.

*

1996-இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு. 200 சீலியாக் நோயாளிகளில் 26 சதவீதம் பேருக்கு மூட்டழற்சி. கோதுமையை நிறுத்தாதவர்களில் 41 சதவீதம், நிறுத்தியவர்களில் 21.6. நோயில்லாத ஒப்பீட்டுக் குழுவில் 7.5.

நடுவில் உள்ள இரண்டு எண்களைக் காட்டி, பத்தியம் இருந்தால் மூட்டுவலி போகும் என்கிறார்கள். எனக்குக் கடைசி இரண்டும்தான் முக்கியம். ஒழுங்காகப் பத்தியம் இருப்பவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு மூட்டில் ஏதோ மிச்சம் இருக்கிறது. "நீ எங்கேயோ ஏமாற்றிச் சாப்பிடுகிறாய்" என்று அவர்களைக் குற்றம் சாட்டுவது அநியாயம்.

*

அண்ணிக்கு லூதியானா. கோவைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். நோய் தெரிந்ததும் ரொட்டியை ஒரே நாளில் விட்டார். வயிறு சரியாயிற்று, வலி போகவில்லை. தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழும்போது கிரைண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு நொடி நின்று, அப்புறம்தான் நிமிர்வார்.

புது டாக்டர் முட்டியைத் தொடவே இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். அண்ணி துள்ளிவிட்டார். வைட்டமின் டி அடிமட்டத்தில், கால்சியமும் குறைவு. சிறுகுடலின் உறிஞ்சிகள் பல வருடம் மழுங்கிக் கிடந்ததில் எலும்புக்குப் போக வேண்டியது போகவில்லை; எலும்பு மென்மையாகியிருந்தது. வலித்தது எலும்பு. அண்ணிதான் அதை முட்டி வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குக் கோதுமையை நிறுத்தினால் மட்டும் போதாது. குடல் ஆறவே மாதக்கணக்கில், பெரியவர்களுக்குச் சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். அதுவரை டி-யும் கால்சியமும் தனியாகக் கொடுத்து, எலும்பு அடர்த்தியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

பெருங்காயம். கோதுமையே இல்லாத சமையல் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் எல்லாவற்றிலும் அது உண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கருவேலம் பசையும் மாவும் சேர்த்திருக்கும். பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. கட்டியும் இதற்கு விலக்கில்லை.

"ஒரு சிட்டிகைதானே கண்ணு, அதுல என்னாயிரப் போகுது?" என்றார் அம்மா. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு பேருக்கான ரசத்தில் அரை கிராம் பெருங்காயம். அதில் பாதி மாவு. மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். சட்டிக்கு 25 மில்லிகிராம், ஆளுக்கு ஆறு. நாளுக்குப் பத்து மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதகமில்லை என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. தினமும் ஐம்பது போனால் குடல் கெடும். ஒரு ரசம் மட்டும் என்றால் அம்மா சொன்னது சரி. சாம்பார், ரசம், தாளித்த மோர் என்று ஒரு சாப்பாட்டிலேயே மூன்று தடவை விழுந்தால் பத்தைத் தாண்டிவிடுகிறது. இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

*

கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு எதிலும் குளூட்டன் கிடையாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அண்ணியைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தானியம் இல்லை.

வில்லங்கம் மாவு மில்லில். முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். அதே கல்லில்தான் நம் ராகி. முதல் பிடியை ஒதுக்கிவிட்டால் போதும் என்று மில்காரர் சொல்வார், போதாது. கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பதுதான் வழி. ராகி சேமியா, சிறுதானிய நூடுல்ஸ், சத்துமாவு ஆகியவற்றில் கோதுமை கலந்திருப்பது சர்வ சாதாரணம். மால்ட் பானங்களில் பார்லி; அதிலும் குளூட்டன் உண்டு.

*

2016-இல் வெளியான ஆய்வு, இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தது. சீலியாக் எதிர்ப்பான்கள் வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கு, தெற்கில் 0.10. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவோ மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. வித்தியாசம் தட்டில்: வடக்கில் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கில் 25.

இங்கே சர்க்கரை வியாதிக்குப் பயந்து ராத்திரிச் சோற்றைச் சப்பாத்தியாக்கிய வீடுகள் எத்தனை! அந்த 25 இப்போது எவ்வளவாகியிருக்கும் என்று யாராவது எடுத்துப் பார்த்தால் தேவலை.

*

டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்தவர். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ஹாலந்தில் ரொட்டி அற்றுப்போனது அந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்த்தது. 1950-இல் ஆய்வேடாக எழுதினார். அதுவரை பல குழந்தைகள் வாழைப்பழப் பத்தியத்தில் இருந்தார்கள். பாவம், வாழைப்பழமும் தப்பில்லை. அதில் கோதுமை இல்லையே.

*

மூட்டுவலிக்குக் கோதுமையை விடு என்று காணொளி பார்த்து விடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். விட்ட பிறகு சோதனைக்குப் போனால் எதிர்ப்பான்கள் இறங்கியிருக்கும், குடலும் கொஞ்சம் ஆறியிருக்கும். இருக்கிற நோயும் இல்லை என்று வரும். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பான்களைப் பார்க்கும் டிடிஜி ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி. அப்புறம் நிறுத்தலாம்.

இன்னொன்று: குளூட்டன் இல்லை என்று அச்சடித்த பிஸ்கட்டுகளில் மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு. விலை இரண்டு மூன்று மடங்கு. எடை கூடினால் சுமப்பது அதே முட்டிதான்.

*

பத்தியம் சரி, டி-யும் ஏறிவிட்டது, வலி மட்டும் நிற்கிறது என்றால்? காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் விரல்கள் மடங்க மறுத்தால், அல்லது அடிமுதுகு இறுகிக்கிடந்து நடக்க நடக்க இளகினால், வாதநோய் மருத்துவரிடம் போக வேண்டும். சீலியாக்கோடு தைராய்டு கோளாறும், முடக்குவாதமும், கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரென் நோயும் சேர்ந்து வருவதுண்டு. படி ஏறும்போது மட்டும் வலித்தால் வயதுத் தேய்மானமாக இருக்கலாம். ரசத்தின் மேல் பழி போட வேண்டாம்.

*

நோயாளியின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களையும் சோதிக்கச் சொல்கிறார்கள். அண்ணன் மகனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஊசி என்றதும் கிரிக்கெட் மட்டையோடு ஓடிவிட்டான். மரபணுச் சோதனையில், நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவின் இரண்டு வகையும் இல்லை என்று வந்தால் இந்த நோய் வர அநேகமாக வாய்ப்பே இல்லை, திரும்பத் திரும்பக் குத்த வேண்டியதில்லை என்றார் டாக்டர். அண்ணி அந்தச் சோதனையையே கேட்டிருக்கிறார்.