வண்டி தானாக ரேஸ் ஆனால்

முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. பொட்டிபுரத்திலும் தேவாரத்திலும் விடியுமுன் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு அதில் ஜீப் ஓட்டியே எனக்கு வயதாகிவிட்டது. சாவியை ஒப்படைத்தாயிற்று. "கிளட்சே இல்லாத வண்டி வந்துருச்சு மாமா, இனி டிரைவருக்கு என்ன வேலை?" என்கிறான் மருமகன்.

வேலை இருக்கிறது. பிரேக் பிடிக்காமல் போவதை ஊரே பேசும். மிதித்த ஆக்சிலேட்டர் மேலே வராமல் மாட்டிக்கொள்வதை யாரும் பேசுவதில்லை. பழைய ஜீப்பில் கேபிள் சிக்கும், ரிட்டர்ன் ஸ்பிரிங் அறும். புது வண்டிக்குத் தரையில் போடும் ஒரு மிதியடி போதும். 2009-ல் அமெரிக்காவில், சான் டியாகோ பக்கம், பொருந்தாத மிதியடி ஒரு லெக்ஸஸ் காரின் பெடலைப் பிடித்துக்கொண்டதில் 4 பேர் செத்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலை போலீஸ்காரர்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் கையிலேயே அடிப்பார். ஏறின கியரில்தான் இறங்கணும், இன்ஜின்தான் வண்டியைப் பிடிக்கணும். அதே மனுஷன், ஆக்சிலேட்டர் மாட்டினால் முதலில் கிளட்ச் என்பார். கிளட்சை மிதித்தாலும் இன்ஜின் பிடி விட்டுப்போகுமே, இறக்கத்தில் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். அது காலுக்குப் புரியத்தான் வெகுகாலம் பிடித்தது. காய்ந்த கண்மாய்க்குள் வண்டியை விடச் சொல்லி, பக்கத்து சீட்டிலிருந்து கம்பால் ஆக்சிலேட்டரை அமுக்கிப் பிடிப்பார். கிளட்சை மிதித்ததும் இன்ஜின் அலறும். அலறலுக்குப் பயந்து கிளட்சை விட்டால் திட்டு விழும். "கத்தட்டும்டா, நீ நிறுத்து!"

பிரேக்கை ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டுவிட்டு மிதித்தால் பெட்ரோல் வண்டியில் வாக்குவம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். இறக்கத்தில் நியூட்ரல் என்பது நிற்பதற்கு மட்டும், உருட்டிக்கொண்டு போவதற்கு அல்ல. பள்ளம் பக்கம் போகாமல் மலைச்சுவர் ஓரம் ஒதுங்கணும். நின்ற பிறகே சாவி. ஓட்டத்தில் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

அந்த லெக்ஸஸைச் செய்த டொயோட்டாவின் வண்டிகளை நாசா ஆட்களே சோதித்தும், வண்டி இப்படித் தானாக ரேஸ் ஆவதற்குக் காரணமான மின்னணுக் கோளாறு அகப்படவில்லை என்று 2011-ல் அறிக்கை வந்தது. பல கேஸில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரையே மிதித்திருக்கிறார்கள். இங்கே மைதானத்தில் எட்டு போட்டதும் லைசென்ஸ். பெடல் பழகாத கால்தான் மேட்டுக்கு வருகிறது.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் மிதியடிமேல் மிதியடி போடாதீர்கள். காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டும்போதே ஒருமுறை நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். சாவிக்குப் பதில் பட்டன் உள்ள வண்டியானால், ஓட்டத்தில் இன்ஜினை அணைக்க அந்தப் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கணும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள்.