மொட்டைப் பார்க்கப் போனேன்!

அருப்புக்கோட்டை என்றால் மல்லிகை. 'அரும்புக்கோட்டை'தான் அருப்புக்கோட்டை ஆயிற்று என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வதுண்டு. அதை நம்பித்தான் சென்ற கார்த்திகையில் மதுரையில் பஸ் ஏறி, ஐம்பது கிலோ மீட்டர் தெற்கே போய் இறங்கினேன். மொட்டைப் பார்க்கப் போனவள் கண்டது என்ன தெரியுமா? மொட்டையை! பெரியம்மாவின் தோட்டத்து மல்லிகைச் செடிகள் எல்லாம் ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டப்பட்டு, வெறும் குச்சிகளாக நின்றன.

நான் போனது வேடிக்கை பார்க்க மட்டும் அல்ல. சென்னையில் எங்கள் குடியிருப்பின் நடுவே ஒரு சதுரத் தோட்டம் உண்டு. 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டபோது அதன் புல்தரை செத்தது. பிறகு இரண்டு தடவை புல் பதித்தோம், குரோட்டன்ஸ் வைத்தோம். ஒவ்வொரு சித்திரையிலும் எல்லாம் கருகின. "அடுத்த கோடைக்குள் பச்சை தெரியாவிட்டால் அந்த இடத்தைக் கார் நிறுத்த விட்டுவிடலாம்" என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் ஆகிவிட்டது. குழந்தைகள் விளையாடவும் பாட்டிமார் உட்காரவும் எங்களுக்கு இருப்பது அந்த ஓர் இடந்தான்.

இதைச் சொல்லிக் கண் கலங்கினேன். பெரியம்மா சிரித்தாள்.

"தண்ணி ஊத்துறதுதான் வளப்புன்னு நெனச்சியா, தாயி? மல்லிக்குக் கார்த்திகையில தண்ணியை நிறுத்தி வெட்டணும். அப்புறம் எருவைப் போட்டுத் தண்ணி விட்டா, பங்குனியில பூத்துக் கொட்டும். வெட்டாத செடி இலையைத்தான் காட்டும்."

"அதுவரை நாலு மாசம் குச்சியையா பார்த்துக்கொண்டிருப்பது?" என்றேன்.

"நாளைக்குத் திருச்சுழி போவோம். வழியில பாரு" என்றாள்.

மறுநாள் கிழக்கே போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இரு பக்கமும் கரிசல் காடு. கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேல். "அமெரிக்காவிலேருந்து விருந்தாளியா வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கிட்டது!" என்றாள் பெரியம்மா. ஆனால் அதற்கு நடுவில்தான் எத்தனை அழகுகள்! யாரோ பச்சைக் குடையை விரித்து நட்டாற்போல் குடைவேல மரங்கள். சாலை ஓரமெல்லாம் மஞ்சள் கொட்டினாற்போல் ஆவாரை. முள்வேலியைப் பற்றி ஏறி, தீ நாக்குப் போல் சிவந்து நின்றது கார்த்திகைப் பூ. ஆமாம், செங்காந்தள்தான், நமது ராஜ்யத்தின் மலர்!

திருச்சுழி சுந்தரர் பாடிய ஸ்தலம். 1879-ல் ரமண மகரிஷி அவதரித்த ஊரும் அதுவே. திருமேனிநாதரைத் தரிசித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், பெரியம்மா விரல் விட்டு மாதக் கணக்குச் சொன்னாள்.

கார்த்திகையில் காந்தள். மார்கழியில் டிசம்பர் பூ. தையில் ஆவாரை, பொங்கல் காப்புக் கட்டவும் ஆகும். மாசியில் கல்யாண முருங்கை இலை உதிர்த்துச் செக்கச் செவேலென்று பூக்கும். பங்குனி முதல் மல்லிகை. சித்திரையில் கொன்றையும் வேம்பும். வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் பூ வாங்க வேண்டாம். ஆடிக் காற்றிலும் எருக்கு வாடாது. ஆவணியில் பிள்ளையாருக்கு மாலை தயார். வேலிக்குப் பிரண்டை, துவையலுக்குத் துவையலும் ஆச்சு!

"ஒண்ணு தூங்குறப்போ இன்னொண்ணு முழிச்சிருக்கணும். அம்புட்டுத்தான் தோட்டம்" என்று முடித்தாள்.

காந்தள் கிழங்கு மழைக்காலம் முடிந்ததும் கொடியை உலரவிட்டு மண்ணுக்குள் தூங்கிவிடுமாம். கோடையில் அதற்குத் தண்ணீரே வேண்டாம். ஆனால் சகோதரிகளே, ஓர் எச்சரிக்கை: அந்தக் கிழங்கு கொடிய விஷம், எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. இரண்டையும் குழந்தைகளுக்கு எட்டாமல் கம்பிவேலிக்குள் வையுங்கள்.

ஊர் திரும்பியதும் முதல் காரியமாகத் தோட்டத்து மல்லிகைப் புதரை வெட்டினேன். தினம் இரண்டு வாளி தண்ணீர் குடித்துவிட்டு நாலு பூவுக்கு மேல் கொடுக்காத புதர் அது. "இருந்த பச்சையும் போச்சு!" என்று மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆவாரை விதையைத் தூவினோம். பிரண்டைத் துண்டுகளை வேலியோரம் ஊன்றினோம். கல்யாண முருங்கைப் போத்து ஒன்றை நட்டோம். காந்தள் கிழங்கு ஆடிக்காகக் காத்திருந்தது.

பங்குனி பிறந்தது. ஒரு சாயங்காலம் சங்கத்துக் காரியதரிசி அளவு நாடாவோடு வந்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது. அந்த வெட்டுண்ட புதர் முழுவதும் அரும்பு! சிறிது நேரம் நின்றார். நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கார் விஷயத்தை ஆடிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டில் ஒரு முழம் கேட்பாள்..." என்றார்.

இரண்டு முழமாகவே கட்டிக் கொடுத்தேன்!