நரிட்டாவில் கைகொடுத்த காகிதம்

நரிட்டா விமான நிலையத்தில் இறங்கினேன். கிள்ளானில் அம்மாவுக்குக் காய்ச்சல். ஒரு மணி நேரத்தில் இரத்தப் பரிசோதனை முடிவு. அப்போது நான் தோக்கியோ ரயிலில் இருப்பேன்.

வாங்கி வைத்த இ-சிம்மின் கியூஆர் குறியீடோ அதே கைப்பேசியின் மின்னஞ்சலில்! தன் திரையைத் தானே எப்படிப் படமெடுக்கும்? அப்பா அச்சடித்துப் பையில் திணித்திருந்த காகிதம் காப்பாற்றியது.

இ-சிம் என்பது கைப்பேசிக்குள்ளேயே பதித்த சில்லு. அட்டையை மாற்றாமல், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைப்பு விவரத்தை அதில் பதிவிறக்குகிறோம். குறியீட்டில் இருப்பது அதைப் பெறும் முகவரியும் அடையாளமும்தான். அதனால் முதலில் இணையம் வேண்டும். நிலையத்தின் இலவச வைஃபை உதவியது.

வயல்களைக் கடக்கையில் வாட்ஸ்அப்பில் அப்பா: "டிங்கி இல்லம்மா."

பயணம் போகிறீர்களா? குறியீட்டை அச்சடித்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், நானும் சிரித்தவள்தான்.